ஒரு ‘ங்க’வுக்கு மூன்று புள்ளி

டிப்ஸ் கேட்கிற திரை முதலில் பெரிய ஓட்டல்களில்தான் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குளுகுளு அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குப் பத்து சதவீதம் என்ன, இருபது சதவீதம் என்ன! அப்புறம் ஜூஸ் கடைக்கு வந்தது. அப்புறம் மாவு மில்லுக்கும் வந்துவிட்டது. நாமே அரிசியைத் தூக்கிக்கொண்டு போய், நாமே வரிசையில் நின்று, நாமே மாவைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறோம். நடுவில் ஒரு திரை பல்லை இளித்துக்கொண்டு ‘பத்தா, பதினைந்தா, இருபதா?’ என்று கேட்டால் வயிறு எரியுமா எரியாதா? ‘வேண்டாம்’ என்ற பொத்தானும் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. கடுகளவில், திரையின் கீழ் மூலையில், கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில். அதைத் தேடிப் பிடித்து அமுக்கினால் ‘நிச்சயமாகவா?’ என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் வரும். பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில், பின்னால் பதினைந்து பேர் அவசரத்தில் நெளிந்துகொண்டிருக்கும்போது அந்தக் குரல் கேட்டால் மனுஷனுக்கு மானம் இருக்குமா?

ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஒரு மாவு மில்லில் யாரோ திரையின் மேல் கரைத்த மாவையே ஊற்றிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி நன்றிமானியைக் கொண்டுவந்தது. வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது, நன்றியை அளக்க ஒன்று இருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். கல்லாவின் பக்கத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை, அதில் ஒரு சின்னத் திரை. நீங்கள் கடைக்குள் நுழைந்ததிலிருந்து பேசுவதையெல்லாம் அது கேட்கும். உங்கள் மனசில் எவ்வளவு நன்றி இருக்கிறதென்று அளக்கும். அதற்கு எவ்வளவோ அதை உங்கள் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், அதில் கம்பெனிக்கும் ஒரு பங்கு. “கேட்பதுதானே உங்களுக்குக் கடுப்பு? இனிமேல் கேட்கவே மாட்டோம்” என்று கம்பெனி விளம்பரம் செய்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன.

இந்தப் பெட்டிக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் இசக்கியம்மாள். பாளையங்கோட்டைக்காரி, முப்பத்திரண்டு வயது, வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள். எந்தச் சொல்லுக்கு எத்தனை புள்ளி என்று பட்டியல் எழுதுவது அவள் வேலை. ‘அருமை’ என்றால் ஐந்து. ‘பரவாயில்லை’ என்றால் சுழி. ‘என்னய்யா சாம்பார் இது’ என்றால் நாலு புள்ளி கழியும். இப்படிப் பல்லாயிரம் சொல்லுக்கு எழுதி வைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மேலாளர் ஹரிஹரசுதன் அவளைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் தலைதீபாவளிக் களை.

“இசக்கி, இந்தப் படத்தைப் பாரு. கோயம்புத்தூர்! சென்னையை விட மூணு மடங்கு நன்றி. என்ன ஜனங்கம்மா! எவ்வளவு பெரிய மனசு!”

“எங்க ஊரு எங்க சார் இருக்கு?”

“திருநெல்வேலியா? அதோ அடியில. சைபருக்கும் கீழ. உங்க ஊர்க்காரங்க சாப்பிட்டுட்டுத் திட்டிட்டுப் போறாங்க.”

“திட்டலை சார். ‘லே’ன்னா எங்க ஊர்ல பாசம். மனசு குளுந்தாத்தான் ‘லே’யே வரும்.”

“அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். நீ நாளைக்கே கோயம்புத்தூர் போ. அங்க மட்டும் எப்படி இவ்வளவு நன்றி ஊறுதுன்னு கண்டுபிடி. அதை எல்லா ஊருக்கும் பரப்பணும். ஆனா ஒரு விஷயம், மூணு மாசமா அங்கயும் கொஞ்சம் எறங்குது. அது ஏன்னும் பாத்துட்டு வா.”

காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் செங்காளியப்பன் மெஸ். ஊரிலேயே அதிகப் புள்ளி வாங்கின இடம் அதுதான். வேகமாக இறங்கிக்கொண்டிருப்பதும் அதுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இசக்கி அங்கே போய், மூலை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரிமாறியவர் வெள்ளிங்கிரி. நாற்பத்தேழு வயது, இருபத்திரண்டு வருஷமாக அதே மெஸ்ஸில் அதே வேலை. ஆள் வந்து உட்கார்ந்ததுமே, இவருக்குக் குழம்பா, நேராக ரசமா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இசக்கிக்கு எதிர் மேசையில் பம்புசெட் கடை பொன்னுச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கையை நிறுத்தினார்.

“ஏனுங்க வெள்ளிங்கிரி, கோவிச்சுக்காதீங்க. சாம்பார்ல ஒரு முடி கெடக்குதுங்க.”

“அய்யய்யோ! மன்னிச்சுக்கோங்க. இருங்க, வேற எல போடறனுங்க.”

“பரவாயில்லீங்க, விடுங்க. உங்க மேல தப்பில்லீங்க.”

நன்றிமானி கிணுங்கென்று ஒலித்தது. திரையில் எழுத்து ஓடியது: ‘நன்றி: இருபத்தொன்று. மனம் நெகிழ்ந்த வாடிக்கையாளர்.’ பொன்னுச்சாமியின் கைபேசியிலும் ஒரு கிணுங். பணம் போய்விட்டது.

“முடிக்கும் சேத்து எடுத்துப்போட்டுது பாருங்க!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். திரை உடனே இருபத்துநாலுக்கு ஏறியது.

இசக்கி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவர் சொன்னதை விரல் விட்டு எண்ணினாள். ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, கெடக்குதுங்க, பரவாயில்லீங்க, விடுங்க, தப்பில்லீங்க. ஆறு ‘ங்க’. ‘உங்க மேல’யில் இருந்ததையும் சேர்த்து ஏழு. ஏழு மூன்று இருபத்தொன்று. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. ஒரு ‘ங்க’வுக்கு மூன்று புள்ளி என்று எழுதியவள் அவளேதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு ஆட்டோ உரசிக்கொண்டன.

“ஏனுங்க, கண்ணு என்ன பொடனிலயா இருக்குதுங்க?”

“மரியாதயா பேசுங்க. இல்லீனா மூஞ்சியப் பேத்துப்புடுவனுங்க!”

நன்றிமானி அதையும் கேட்டு வைத்துக்கொண்டது. ‘வாசலில் நன்றி: மிக அதிகம்’ என்று திரையில் ஒரு பூ மலர்ந்தது. அட கிரகசாரமே, இதற்குத்தான் நாலு வருஷம் உட்கார்ந்து தமிழ் சொல்லிக் கொடுத்தோமா என்று இசக்கிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மற்ற மேசைகளைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. பொன்னுச்சாமி ஒருவரைத் தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை உதட்டில் வைத்தார்கள். மோருக்கு உள்ளங்கையைக் குவித்தார்கள். ஐம்பது பேர் சாப்பிடுகிற இடத்தில் மயான அமைதி. பேசின ஒன்றிரண்டு பேரும் பேசின விதம் அதைவிட மோசம்.

“டேய், தண்ணி கொண்டா” என்றார் ஒரு வங்கி அதிகாரி. சட்டைப் பையில் ‘செந்தூரன்’ என்று பெயர் குத்தியிருந்தது. வெள்ளிங்கிரிக்கு அவரைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தார்.

பக்கத்து மேசையில் ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தை, அம்மாவோடு வந்தது. “தண்ணி குடு—” என்று அது ஆரம்பிப்பதற்குள் அம்மாக்காரி அதன் வாயைக் கையால் பொத்தினாள். “‘ங்க’ போடாதேன்னு எத்தன தடவ சொல்றது?” என்று காதில் கிசுகிசுத்தாள். குழந்தை யோசித்தது. வங்கி அதிகாரியைப் பார்த்தது. பிறகு தெளிவாக, “டேய், தண்ணி!” என்றது.

மெஸ்ஸே சிரித்தது. வெள்ளிங்கிரியும் சிரித்தார். ஆனால் அவர் வைத்த டம்ளரிலிருந்து தண்ணீர் இலையில் சிந்தியதை இசக்கி பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மூன்றரை மணிக்குப் பந்தி ஓய்ந்தது. டீ குடிக்கச் சந்து முனைக்குப் போன வெள்ளிங்கிரியின் பின்னாலேயே இசக்கியும் போனாள். அங்கே செந்தூரன் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளிங்கிரியைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுப் போடுங்கண்ணா. அந்தக் கருமம் புடிச்ச மானிக்காகத்தானுங்க. சொல்றப்ப எனக்கே வாய் கூசுதுங்க.”

“அட, விடுங்க தம்பி. எனக்குத் தெரியாதுங்களா?”

“சரீங்கண்ணா, வர்றனுங்க.”

அவர் போனதும் வெள்ளிங்கிரி இசக்கியைப் பார்த்துச் சிரித்தார். “தெனமும் இந்த மொனைல அஞ்சாறு பேர் நின்னு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாங்க அம்மிணி. உள்ள டேய், வெளிய ஏனுங்க. எனக்குக் காது ரெண்டும் கொழம்பிக் கெடக்குதுங்க.”

இசக்கி தான் யாரென்று சொன்னாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எங்க ஊர்ல ஒருத்தருக்கு ‘ங்க’ போட்டா, ஒண்ணு அவிய பெரிய மனுஷரா இருக்கணும், இல்லன்னா பெரிய உபகாரம் செஞ்சிருக்கணும் அண்ணாச்சி. அதான் மூணு புள்ளி போட்டேன். இந்த ஊர்ல அடிக்கப் போறவனுக்கும் ‘ங்க’ உண்டுன்னு எனக்கு யாரு சொன்னா?”

“குரல் கடுசா இருந்தாக் கூடவா தெரியாதுங்க அதுக்கு?”

“குரலையும் கேக்கும், மூச்சையும் கேக்கும். ஆனா சந்தேகம் வந்தா வார்த்தைதான் சாட்சி. அப்படித்தான் பண்ணி வச்சிருக்கோம். விடுங்க, இன்னைக்கே சரி பண்ணுதேன். நாளையிலேர்ந்து ‘ங்க’வுக்குப் புள்ளி கிடையாது.”

வெள்ளிங்கிரி டீயைக் கீழே வைத்தார். “அப்ப என்ற கதி என்னுங்க ஆகறது?”

அப்போதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. மெஸ் முதலாளி துரைசாமி, கம்பெனி நீட்டிய ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. நன்றிப் பணம் வருகிறதல்லவா என்று சம்பளத்தைப் பாதியாக்கச் சொன்னார்கள், ஆக்கினார். மாதக் கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்கு பரிமாறுகிறவர்களில் எவருடைய மாதப் புள்ளி நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே இருக்கிறதோ, அவரை அனுப்பிவிட்டுக் கம்பெனி அனுப்புகிற ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஒரு காலத்தில் தொண்ணூற்றெட்டு வாங்கிய வெள்ளிங்கிரிக்கு இப்போது அறுபத்திரண்டு. மாதக் கடைசி, வருகிற சனிக்கிழமை.

“எனக்கு எல போடறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுங்க அம்மிணி” என்றார் அவர். “இதுதான் எனக்குப் புடிச்ச வேலயுமுங்க.”

இசக்கி அன்று மாலை ஹரிஹரசுதனுக்குத் தொலைபேசினாள்.

“சார், இந்த ஊர்ல நன்றியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வெறும் பேச்சுவழக்கு. நாம சும்மா பிடுங்குதோம்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாருக்கும் சொல்லாதே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

இசக்கி போனை வைத்தாள். ஐந்து வயதுக் குழந்தையின் ‘டேய்’ காதிலேயே இருந்தது. சொற்பட்டியலைத் திறந்து, கோயம்புத்தூருக்கு மட்டும் ‘ங்க’வின் மூன்றை அழித்துச் சுழி போட்டாள். மானி அந்த மாதத்துப் பேச்சையெல்லாம் மறுபடி கேட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. வெள்ளிங்கிரியின் புள்ளி: நாலு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதைப் போலாகிவிட்டது. புதன்கிழமை காலை அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு ஓடினாள்.

“அண்ணாச்சி, ஒரு மாசத்துல ஒரு ஆளாவது உங்ககிட்ட நன்றின்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

“நன்றியா?” வெள்ளிங்கிரி இலையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அது மேடைல மைக் புடிச்சுச் சொல்றதில்லீங்களா? சோறு தின்னவங்க எதுக்குங்க அதச் சொல்லோணும்? அப்பிடி யாராச்சும் சொன்னா எனக்குப் பயமாயிருமுங்க, இனி வர மாட்டாங்களோன்னு.”

“பின்ன, வந்தவங்களுக்கு மனசு நெறஞ்சுதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதுங்களா? கைகழுவிட்டு வாசல் தாண்டறப்ப ‘வர்றனுங்க’ம்பாங்க. புடிக்கலீனா ஒண்ணும் சொல்லாம எறங்கிப் போயிருவாங்க. இருவத்திரண்டு வருசத்துல இது மாறுனதே இல்லீங்க.”

இசக்கிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. பாளையங்கோட்டையிலும் அதைத்தானே சொல்கிறார்கள்! வாரேன், வர்றேன், வரட்டுமா, போயிட்டு வாரேன். தமிழ்நாட்டில் எவன் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறான்? அத்தனையையும் நன்றி என்று பட்டியலில் எழுதினாள். எழுதி முடித்ததும் மானி அவளைத் திருப்பிக் கேட்டது: ‘வர்றேன். எதிர்காலச் செயல். வாக்குறுதி. சான்று தேவை.’

இது ஹரிஹரசுதன் வைத்த பூட்டு. ‘அடுத்த வாட்டி பாத்துக்கலாம்’ என்று சொல்லி டிப்ஸ் கொடுக்காமல் நழுவுகிறவர்கள் சென்னையில் அதிகம். அதனால் யார் எந்த வாக்குக் கொடுத்தாலும் நிறைவேறின பிறகுதான் புள்ளி என்று அவர் பண்ணி வைத்திருந்தார். இசக்கியால் அதைத் தொட முடியாது. இந்த மாதம் சொன்ன ‘வர்றனுங்க’ எல்லாம் எங்கே என்று பார்த்தால், மானிக்குப் பயந்து எல்லாரும் அதைச் சந்து முனையில்தான் சொல்லியிருந்தார்கள்.

“அப்படின்னா, இனிமே ஒருத்தர் உள்ள வச்சு வர்றேன்னு சொல்லணும். சொல்லிட்டு சனிக்கிழமை மூணு மணிக்குள்ள திரும்பி வரணும். வந்தாத்தான் உங்களுக்குப் புள்ளி, ஆளுக்கு ஒண்ணு” என்றாள் இசக்கி. “நான் சும்மா இருந்திருந்தா உங்களுக்கு அறுபத்திரண்டாவது இருந்திருக்கும் அண்ணாச்சி.”

“அடுத்தவங்க காசப் புடுங்கி வந்த புள்ளிதானுங்களே அது. போனாப் போகுதுங்க.”

அன்று மத்தியானம் பொன்னுச்சாமிதான் முதலில் கண்டுபிடித்தார். பதினோரு ‘ங்க’ போட்டும் கைபேசி கிணுங்கவில்லை.

“ஏனுங்க வெள்ளிங்கிரி, மானி செத்துப்போச்சுங்களா?”

“இல்லீங்க. இனி ‘ங்க’வுக்குக் காசு இல்லீங்களாம்.”

இதற்கு மேல் கோயம்புத்தூருக்கு வேறென்ன வேண்டும்? வியாழக்கிழமை மெஸ்ஸில் சந்தைக் கடை இரைச்சல். மூன்று மாதம் அடக்கி வைத்திருந்த ‘ங்க’வையெல்லாம் கொட்டித் தீர்த்தார்கள். ஒருவர் மோர் டம்ளரைப் பார்த்தே ‘வாங்க’ என்றார். போகும்போது அத்தனை பேரும் வாசலில் நின்று, “வர்றனுங்க” என்றார்கள். திரையில் ‘காத்திருப்பில்: இருநூற்றுப் பன்னிரண்டு பேர்’ என்று வந்தது. புள்ளி மட்டும் நாலிலேயே நின்றது.

“வாசல்ல ஒரு போர்டு வைப்போம் அண்ணாச்சி” என்றாள் இசக்கி. “தயவுசெய்து சனிக்கிழமைக்குள்ள மறுபடி வாங்கன்னு. ஏன்னும் எழுதிருவோம். உங்களுக்காக ஊரே வரும்.”

வெள்ளிங்கிரி அவளை இத்தனை உறுதியாக அதுவரை மறுத்ததில்லை. “வேண்டாமுங்க. வாங்கன்னு கூப்புடலாமுங்க. நீங்க வந்தாத்தான் எனக்குச் சோறுன்னு சொல்லிக் கூப்புட்டா, அப்பறம் அந்தப் பெட்டிக்கும் எனக்கும் என்னுங்க வித்தியாசம்?”

போர்டு எழுத எடுத்த அட்டையை அவள் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை முப்பத்தொன்றுக்கு வந்தது. சனிக்கிழமை பார்த்துக் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு நாற்பத்துநாலு. இரண்டு மணிக்கு ஐம்பத்திரண்டு. துரைசாமி கல்லாவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தைப் படிக்காத குற்ற உணர்ச்சி அவருக்கு. இசக்கிக்கு உட்கார முடியவில்லை. வாசலில் போய் நின்று, குடையோடு போகிறவர்களையெல்லாம், “ஏ அண்ணாச்சி, மழையில எங்கன போறிய, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போங்களேன்!” என்று கத்தினாள். ஊர்க்காரர்கள் பயந்து எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். இரண்டரைக்கு ஐம்பத்தேழு. அப்போது பார்த்துச் சமையற்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “சோறு தீந்துபோச்சுங்க” என்றார்.

இசக்கி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிங்கிரி மட்டும் வழக்கம்போல மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாற்பதுக்கு, நனைந்த குடையை மடக்கிக்கொண்டு அந்த அம்மாவும் குழந்தையும் வந்தார்கள்.

“சாப்பாடு முடிஞ்சுதுங்களே” என்றார் வெள்ளிங்கிரி.

“சாப்புட வரலீங்க. இவளுக்குத் தண்ணி வேணுமாமுங்க. வியாழக்கெழம வந்தப்ப நீங்க உள்ள வேலயா இருந்தீங்க. ரெண்டு நாளா நச்சரிச்சு எடுத்துட்டா.”

குழந்தை அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, “தண்ணி குடுங்க மாமா” என்றது. வெள்ளிங்கிரி குனிந்து இரண்டு கையாலும் டம்ளரைக் கொடுத்தார். தண்ணீர் சிந்தவில்லை. வியாழக்கிழமை ‘வர்றனுங்க’ என்றது அம்மா மட்டும்தான், அதனால் திரை ஐம்பத்தெட்டு காட்டியது.

இரண்டு ஐம்பதுக்குச் செந்தூரன் வந்தார். பின்னால் வங்கியிலிருந்து இன்னும் ஐந்து பேர்.

“சோறு இல்லீங்க தம்பி.”

“தெரியுமுங்கண்ணா, நாங்க சாப்புட்டாச்சுங்க. சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. மூணு மாசமா இங்க உள்ள வச்சு உங்கள டேய்னு கூப்புட்டனுங்களே. வியாழக்கெழம கூட்டத்துல ‘வர்றனுங்க’ மட்டுந்தான் சொல்ல முடிஞ்சுதுங்க. அதே எடத்துல நின்னு ஒருக்கா வணக்கமுங்கன்னு சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க. இவங்களும் அதே கோஷ்டிதானுங்க.” ஆறு பேரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். “வணக்கமுங்கண்ணா.”

ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று என்று திரை ஏறிக்கொண்டே போய் அறுபத்துநாலில் நின்றது. மூன்று மணி அடித்தது. துரைசாமி கல்லாவில் இருந்தபடியே ஓவென்று கூவினார். இசக்கி “ஜெயிச்சிட்டோம்லே!” என்று கத்திக்கொண்டு வெள்ளிங்கிரியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். செந்தூரனுக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது தவறிவிட்டார்களோ என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஹரிஹரசுதன் கூப்பிட்டார்.

“இசக்கி, என்ன பண்ணி வச்சிருக்கே? கோயம்புத்தூர்ல புள்ளி ஏறுது, பணம் ஒரு பைசா வரலை! திரையில என்னவோ எழுத்து வருதாம், பாரு.”

அவள் பார்த்தாள். திரும்பி வந்த ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் மானி எழுதியிருந்தது: ‘நன்றி நேரில் செலுத்தப்பட்டது. தொகை: சுழி.’

“சரியாத்தானே சார் எழுதியிருக்கு?” என்றாள் இசக்கி.

ஹரிஹரசுதன் கத்தின கத்தலில் போனே சூடாகிவிட்டது. அவளை வேலையை விட்டு எடுக்க முடியாது. அவளை விட்டால் பெட்டிக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அதனால் ஊரை விட்டு எடுத்தார். கோயம்புத்தூரில் இருக்கிற அத்தனை மானியையும் கழற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். துரைசாமி பழைய ஒப்பந்தத்தைக் கிழித்தார். வெள்ளிங்கிரிக்குப் பழைய சம்பளத்தை முழுசாகத் திருப்பித் தந்து, மேலே கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தார். கொடுக்கும்போது முணுமுணுத்தார்தான், ஆனால் கொடுத்தார்.

செங்காளியப்பன் மெஸ் மானியை இசக்கி கடைசியாக வைத்துக்கொண்டாள். காலைப் பலகாரம் முடிந்த நேரம். வெள்ளிங்கிரி பக்கத்தில் நின்று, சுவரில் மின்கம்பியைப் பிடுங்க ஒத்தாசை செய்தார். அணைக்கும்போது ‘இணைப்பு துண்டிக்கப்படுகிறது’ என்று அந்தப் பெட்டி சொல்ல வேண்டும். இசக்கி எழுதிக் கொடுத்த வசனம் அது. ஆனால் இத்தனை நாள் இந்த ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, வாசல் தாண்டுகிறவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று அது தானே கற்றுக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

“வர்றனுங்க” என்றது மானி.

“சரீங்க, வாங்க” என்றார் வெள்ளிங்கிரி.

இசக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணைகிற திரையில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது: ‘அழைப்பு பதிவாகியது. வருகை: காத்திருப்பில்.’

“அண்ணாச்சி! என்ன காரியம் பண்ணிட்டிய! அதுகிட்டப் போயி வாங்கன்னுட்டியளே! வாக்குக் கொடுத்தா நிறைவேத்தாம விடாது அது!”

வெள்ளிங்கிரி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க. ஆனா, வர்றேன்னு சொல்லிட்டுப் போறவங்கள வராதீங்கன்னு எப்பிடீங்க அம்மிணி சொல்றது?”